தறிக்குழியில் ஓர் எகிப்துத் தேள்

இன்று மகளின் புதுப் பொம்மைப் பெட்டியைப் பிரித்தபோது எழுந்த பிளாஸ்டிக் வாசனை, பிள்ளையார்பாளையத்து வீட்டில் இப்போது டைல்ஸ் போட்டு மூடிவிட்ட அப்பாவின் தறிக்குழிக்குள் என்னை இறக்கிவிட்டது. சிங்கப்பூர் மாமா கொண்டுவந்த, இப்போது எங்கும் தயாரிக்காத அந்த எகிப்துப் பொம்மை செட்டில், மஞ்சள் கட்டைகளை அடுக்கிக் கட்டும் பிரமிடும், புதையல் தேடும் தொப்பிக்காரனும், ஒரு மம்மியும், கறுப்புத் தேளும் இருந்தன. பிரமிடு என்றால் கல்லறை வேண்டுமே என்று, அப்பா சாப்பிட எழுந்த போதெல்லாம், அவர் கால்விட்டு மிதிக்கும் அந்தக் குளிர்ந்த குழியில் மம்மியைப் படுக்கவைத்து, காவலுக்குத் தேளையும் வைப்பேன்.

ஒருநாள் தேளை எடுக்க மறந்துவிட்டேன். குழியில் காலைவிட்ட அப்பா "ஐயோ, தேளு!" என்று துள்ளியதில், அவர் முழங்கால், தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு இழைகளில் மோதியது. தறியில் இருந்தது யாருடைய கல்யாணத்துக்கோ பாதி நெய்த புடவை.

"எத்தினி இழை பூட்சோ!" என்று அம்மா ஓடிவந்தாள்.

அப்பா குனிந்து, பட்டு இழைகளின் மேல் விரல்களை மெல்ல ஓட்டிக்கொண்டே போனார். நான் தூணோடு ஒட்டி நின்றேன்.

"ஒண்ணும் அறல."

பிறகு தேளை வாலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்.

"எகிப்துலேர்ந்து வந்துக்கீது, உன்னப் பாக்க" என்றாள் அம்மா.

"ஏம்மா, உன் தொப்பிக்காரன்கிட்ட சொல்லு. அடுத்த தபா என்னைக் கேட்டுக்கினு எறங்கச் சொல்லு" என்றார் அப்பா, என் பக்கம் திரும்பி.

தேளைத் தறிச்சட்டத்தின் மேல் வைத்துவிட்டு அவர் மிதிக்கத் தொடங்கினார். தறியின் சத்தம் பழையபடி கேட்ட பிறகுதான் நான் தூணை விட்டு நகர்ந்தேன்.