கெமிஸ்ட்ரி மட்டும் முடித்த டாக்டரம்மா

இன்று காலை மும்பை திலக் நகரில் முருகேசன் அண்ணன் கடைக்குத் தோசை மாவு வாங்கப் போனேன். கல்லாவில் ஆள் இல்லை. அண்ணன் போனைச் சுற்றி ஒரே கூட்டம்.

வீடியோ காலில் அமெரிக்காவில் இருக்கும் அவர் தங்கை மகள் திவ்யா. பள்ளியில் படித்துக்கொண்டே பக்கத்துக் கல்லூரிக்கும் போய், மருத்துவப் படிப்பில் சேரத் தேவையான கெமிஸ்ட்ரியை இப்போதே முடித்துவிட்டாளாம்.

"நம்ம டாக்டரம்மா" என்று அண்ணன் சொன்னதுதான் தாமதம், கோவண்டியிலிருந்து மாவு வாங்க வந்திருந்த செல்வி அக்கா போன் முன்னால் முழங்காலை நீட்டினார். "படியேறினா உயிரு போவுதும்மா."

"ஆன்ட்டி, நான் கெமிஸ்ட்ரி மட்டும்தான் பாஸ் பண்ணிருக்கேன்!"

"சலேகாம்மா, அது போதும், அத வச்சே சொல்லு."

திவ்யா திணறினாள். "நீங்க ஒரு நல்ல டாக்டர பாருங்க ஆன்ட்டி."

அக்காவுக்கு ஒரே பூரிப்பு. "நெசமாவே டாக்டர்தான்! பாத்ததும் வேற டாக்டர்கிட்ட அனுப்புதா பாருங்க!"

பள்ளிக்கூடமே முடிக்காத பிள்ளையை இப்படிப் படுத்துகிறார்களே என்று எனக்குக் கோபம். வாழ்த்திவிட்டுப் பேச்சை முடித்துவைக்கலாம் என்றுதான் போனை வாங்கினேன்.

வாழ்த்தினேன். அப்படியே நாக்கையும் நீட்டிக் காட்டினேன். ஒரு வாரமாக வாய்ப்புண்ணுங்க!

நீங்களாக இருந்தால் போனைச் சும்மா திருப்பிக் கொடுத்திருப்பீர்களா? மனசாட்சியோடு சொல்லுங்கள்.