ஏரிக்கரையில் தூக்கிவிட்ட சட்டி

பேய் இருக்கிறதா இல்லையா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. நடந்தது மட்டும் தெரியும். நான் குடிக்கிறவன் இல்லை. அன்றைக்குக் காய்ச்சல், தூக்கக் கலக்கம் எதுவும் இல்லை. ஏரியின் பெயரை மட்டும் எழுதமாட்டேன். வேங்கிக்காலைத் தாண்டி இருக்கிறது, அவ்வளவு போதும். இன்றைக்கும் சனிக்கிழமை சாயங்காலம் அங்கே நிற்க இடம் கிடைக்காது.

என் அப்பா மண் வெட்டினார். அம்மா அதைச் சுமந்தாள். நான் பதினாலு வயதில் சித்தாளாகப் போய், கொத்தனாராகி, இப்போது சின்னச் சின்ன வீடுகளாகக் கட்டித் தருகிறேன். எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஈர மண் நிரம்பிய இரும்புச் சட்டியைத் தனி ஆளாகத் தலைக்கு ஏற்ற முடியாது. இன்னொருவர் குனிந்து ஒரு கை பிடிக்க வேண்டும். "தூக்கி உடு" என்று ஒருத்தி கேட்டுவிட்டால் அவள் யார், எந்த ஊர் என்று பார்க்கக் கூடாது. சோற்றில் கை வைத்திருந்தாலும் உதறிவிட்டு எழ வேண்டும். நேற்று உங்களோடு சண்டை போட்டவளாக இருந்தாலும் அப்படித்தான். அதில் யோசனைக்கு வேலையே இல்லை. காது கேட்கும், கை போய்விடும்.

அந்தப் பழக்கத்தால்தான் அன்று என் பிள்ளையை... சரி, முறையாகவே சொல்கிறேன்.

போன தை மாதம், ஒரு சனிக்கிழமை. நான், மனைவி எழிலரசி, ஐந்து வயது மகள் சிந்துஜா. ஏரிக்கரைப் பூங்காவைத் திறந்து ஒரு வருஷம் ஆகியும் நாங்கள் போனதில்லை. படகு விடுகிறார்கள். பாட்டுக்கு ஆடும் நீரூற்று. சனிக்கிழமையானால் மேடையில் கூத்து. கரை நெடுக கல் பதித்த நடைபாதை. மாலை 5.50க்கு உள்ளே போனோம். நான் போனதும் போகாததுமாகக் கரைக்கல்லைக் காலால் தட்டிப் பார்த்தேன்.

"வந்த எடத்துலயும் கல்லைத் தட்டணுமா? வேலை சரியில்லன்னா இன்னா பண்ணப் போறீங்க, ஏரியைத் திருப்பிக் குடுத்துடலாமா?" என்றாள் எழிலரசி.

சிரித்தோம். அன்றைக்குக் கடைசியாகச் சிரித்தது அப்போதுதான்.

6.15க்குப் படகு. அன்னத்தின் தலை வைத்த மிதி படகு. நானும் எழிலரசியும் மிதித்தோம், பாப்பா நடுவில். ஏரியின் பாதிக்கு வந்ததும் பாப்பா கையைத் தூக்கி ஆட்டினாள். வடக்குக் கரையைப் பார்த்து. அந்தப் பக்கம் விளக்கு கிடையாது. நடைபாதையும் அங்கே முடிந்துவிடுகிறது.

"யாருக்குடி டாட்டா?"

"அந்த அம்மாவுக்கு."

"எந்த அம்மா?"

"மண்ணு வச்சிக்கினு நிக்கிறாங்களே."

பார்த்தேன். வெறும் கரை. ஒரு ஆளும் இல்லை. பிள்ளை எதையாவது சொல்லும் என்று விட்டுவிட்டேன்.

6.40க்கு இறங்கினோம். பாப்பாவின் வலது உள்ளங்கையில் சேறு. ஈரச் சேறு. படகு முழுக்க பைபர். காலையில் கழுவினது போலப் பளபளவென்று இருந்தது. இந்தச் சேறு எங்கிருந்து வந்தது?

"எங்கடி கை வச்ச?" எழிலரசி முந்தானையால் துடைத்துவிட்டாள். பாப்பா வடக்குக் கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

6.50க்குக் கூத்து தொடங்கியது. எழிலரசி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்துகொண்டாள். பாப்பாவுக்கு நீரூற்று பார்க்க வேண்டும்.

"கூட்டம் ஜாஸ்தியா இருக்குது. அவ கையை மட்டும் உடாதீங்க."

"உடமாட்டேன், நீ பாரு."

சரியாக ஏழு மணிக்குத் தண்ணீர் எழுந்தது. முன்னால் எல்லாம் தலைகள். பாப்பாவுக்குத் தெரியட்டும் என்று நடைபாதையின் கடைசிக்குப் போனேன். வடக்கு முனை. அங்கே கூட்டமில்லை. இடது கையில் பாப்பாவின் கை. வலது கையில் போன். வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் நேரம் எனக்குத் துல்லியமாகத் தெரியும். அந்த வீடியோ 7.11க்கு நிற்கிறது. போனில் இன்னும் வைத்திருக்கிறேன்.

7.11க்கு முதுகுப் பக்கம் ஒரு குரல்.

"அண்ணா... கொஞ்சம் தூக்கி உடுண்ணா."

திரும்பினேன். நாற்பது வயது இருக்கும். புடவைக்கு மேலே ஆம்பளைச் சட்டை. தலையில் சுமைக்கு வைக்கிற துணிச் சும்மாடு. காலடியில் இரும்புச் சட்டி, கோபுரமாய் ஈர மண். ஏதோ பராமரிப்பு வேலை என்று நினைத்தேன். பூங்கா திறந்திருக்கிற நேரத்தில் யார் மண் சுமக்கிறார்கள் என்று நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும்.

போனைச் சட்டைப் பையில் போட்டேன்.

பாப்பாவின் கையை விட்டேன்.

குனிந்து பிடித்தேன்.

முதல் தப்பு எடை. அந்த அளவு ஈர மண் இருபத்தைந்து கிலோவுக்குக் குறையாது. என் கை பொய் சொல்லாது. இது கம்மி. பதினாறு கிலோ இருக்கும்.

இரண்டாவது, சட்டியின் அடி. தை மாதத்து ஏரிச் சேறு ஐஸ் மாதிரி இருக்கும். இது வெதுவெதுவென்று இருந்தது.

மூன்றாவது... தூக்கும்போது பாரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மண் அப்படிச் சாயாது. தூங்குகிற பிள்ளையைத் தூக்கினால்தான் அப்படி நம் பக்கம் சாயும்.

ஆனாலும் தலையில் ஏற்றிவிட்டேன். காது கேட்டது, கை போய்விட்டது.

அவள் திரும்பி நடந்தாள். நீரூற்று சிவப்பாக மாறியது. என் கை சிவப்பு. நடைபாதை சிவப்பு. அவள் மேல் மட்டும் சிவப்பு விழவில்லை. அவள் சேற்று நிறமாகவே போனாள்.

இடது கையை நீட்டினேன். பாப்பாவைப் பிடிக்க.

காற்று.

"சிந்து..."

இல்லை.

முன்னால் இல்லை. பின்னால் இல்லை. அந்த முனையில் ஓடி ஒளிய ஒரு மரம்கூடக் கிடையாது.

அப்போதுதான் உறைத்தது. அதற்கு முந்தின வாரம்தான் ஆஸ்பத்திரியில் பாப்பாவை எடை போட்டார்கள்.

பதினாறு கிலோ.

சட்டியோடு அவள் கரையிறங்கிவிட்டாள். கணுக்கால் தண்ணீர். முழங்கால் தண்ணீர். சளப் என்று ஒரு சத்தம்கூட இல்லை...

ஓடினேன். குதித்தேன். கால் சேற்றில் புதைந்தது. எடுத்தால் வரவில்லை. அவள் பத்தடி முன்னால். இடுப்பளவு தண்ணீர்.

"ஏம்மா! நில்லு!"

நிற்கவில்லை.

"எம் பொண்ணு! குடுத்துடு!"

நிற்கவில்லை.

மார்பளவு...

மண் சுமக்கிறவள் எதற்கு நிற்பாள்? என் அம்மா எதற்கு நின்றாள்? ஒன்றே ஒன்றுக்குத்தான். மேஸ்திரி குரலில் கத்தினேன்.

"ஏய்! இங்கயே கொட்டு!"

நின்றாள்.

மெதுவாகத் திரும்பினாள். அந்த முகத்தை எழுதமாட்டேன். அவளுக்கு என் மேல் கோபமில்லை. பயம். என்னைப் பார்த்து அவள் பயந்தாள்.

நீரூற்று அணைந்தது.

இருட்டு.

ஒன்று... இரண்டு... மூன்று...

நீரூற்று விளக்கு மறுபடி வந்தபோது ஏரியில் யாரும் இல்லை. எனக்குப் பின்னால், கரைக்கல்லின் மேல், பாப்பா. ஒருக்களித்துப் படுத்திருந்தாள். மூச்சு இருந்தது. உடம்பு முழுக்கச் சேறு, கண் இமையைக்கூட மூடிவிட்டிருந்தது. வாயில் விரல் விட்டுத் தோண்டி எடுத்தேன். தலைக்கு அடியில் ஒரு பழைய சும்மாடு, தலையணை மாதிரி.

எழிலரசி ஓடிவந்தாள். என்னை அறைந்தாள். மணி 7.19.

காவலாளி அப்துல் பாய் டார்ச்சோடு வந்தார். பாப்பாவைப் பார்த்தார். சேற்றைப் பார்த்தார். என்னை மட்டும் தனியே கூப்பிட்டார்.

"தூக்கி உட்டியா?"

"ஆமா பாய்."

"மண்ணு வேலை பாத்தவனா நீ?"

"ஆமா."

"அதான். மத்தவங்க கேட்டும் கேக்காத மாதிரி போயிடுவாங்க."

அப்புறம் சொன்னார். கரை கட்டுகிறபோது ஜேசிபி போக முடியாத இந்த முனைக்குப் பெண்கள்தான் மண் சுமந்தார்கள். மணியம்மாள் என்று ஒருத்தி. நாலு வயதுப் பிள்ளையைக் கரைப் பள்ளத்தில் புடவை போர்த்தித் தூங்க வைத்துவிட்டு வேலை செய்தாள். இருட்டுகிற நேரம். சீக்கிரம் முடிக்கணும். மேலே நின்ற மேஸ்திரி பள்ளத்தைக் காட்டி "இங்கயே கொட்டு" என்றான். இருட்டில் அவளுக்கு இடம் தெரியவில்லை. முதல் சட்டி அவளுடையது. வரிசையில் பின்னால் வந்தவர்கள் பதினோரு பேர். அடியில் பிள்ளை இருந்தது அப்புறம்தான் தெரிந்தது.

ஏரியைத் திரும்பிப் பார்த்தேன்.

"அந்தம்மா எப்ப செத்துச்சி பாய்?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"யாருப்பா செத்தா? கீழ்பென்னாத்தூர்ல அவங்க அக்கா வூட்ல இருக்குது."

மூன்றாம் நாள் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. அக்கா பேர் ராணியம்மாள். உள்ளே கயிற்றுக் கட்டிலில் மணியம்மாள் கிடந்தாள். அதே முகம். கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. இரண்டு வருஷமாக எழுந்ததில்லையாம். பேச்சும் இல்லையாம்.

"போன சனிக்கிழமை மட்டும் பேசிச்சிங்க," என்றாள் ராணியம்மாள். "ஏழு மணி சீரியல் ஓடிக்கினு இருந்திச்சி. நாங்க அஞ்சு பேர் இங்கதான் உக்காந்துக்கினு இருந்தோம். இது கட்டிலை உட்டு எழுந்திருக்கல. சத்தியமா எழுந்திருக்கல. ஆனா போர்வையை எடுத்துப் பாத்தா கழுத்து வரைக்கும் சேறுங்க. நான்தான் தொடைச்சேன்."

"இன்னா பேசிச்சி?"

"'மறுபடியும் கொட்டச் சொல்றான்க்கா'ன்னு அழுதுச்சி. 'நான் கொட்டல, மெல்லமா இறக்கி வச்சிட்டேன்'னு சொல்லிச்சி."

"அவ்ளோதானா?"

ராணியம்மாள் தங்கையைத் திரும்பிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"'அது எம் பாப்பா இல்லக்கா. வேற பாக்கணும்'னு சொல்லிச்சிங்க."