எழுதியவர் என்ற இடத்தில் என் பெயர்

புனேயிலிருந்து வந்திருந்தவர் என் பெயரைச் சொல்லி, அவரை வரச் சொல்லுங்கள் என்று கேட்டாராம். ரிசப்ஷனிலிருந்து போன் வந்தபோது நான் ஒரு பர்ச்சேஸ் ஆர்டர் அடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரான மத்தூரைத் தாண்டினால் சொந்தக்காரர்களுக்கே சரியாகத் தெரியாத என் பெயர் புனே வரைக்கும் எப்படிப் போனது என்று புரியவில்லை.

ஓசூர் தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனி சின்னது. மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்கில் கசிவு இருக்கிறதா என்று காற்றடைத்துப் பார்க்கும் மெஷின்கள் செய்தோம். அந்த மெஷினை ஓட்டும் புரோகிராமை மாடியில் இரண்டு இன்ஜினியர்கள் எழுதினார்கள். முன்பு மூன்று பேர். மூத்தவர் போன வருடம் குருபரப்பள்ளிக்குப் பக்கத்தில் ஹைவேயில் லாரி மோதி இறந்துபோனார். நாங்கள் எல்லோரும் கம்பெனி வேனில் போய் மாலை போட்டுவிட்டு வந்தோம். அவர் மனைவி எங்கள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் படித்தது பி.காம். ஆர்டர் அடிப்பது, ரிப்போர்ட் அடிப்பது, வருகிறவர்களுக்கு டீ சொல்வது, இவ்வளவுதான் என் வேலை. அந்த வருடம் என் கணவரின் கம்பெனி லாக் அவுட்டில் இருந்தது. வீட்டில் அடுப்பு எரிந்தது என் சம்பளத்தில்தான்.

மெஷின் வாங்கிய புனே கம்பெனி ஒரு நிபந்தனை வைத்திருந்தது. புரோகிராமின் ஒவ்வொரு பகுதிக்கும் மேலே, அந்தப் பகுதி என்ன செய்கிறது என்று படிக்கிற மனிதனுக்குப் புரியும்படி ஒரு குறிப்பு இருக்க வேண்டும். அதைக் கமென்ட் என்பார்கள். கம்ப்யூட்டர் அதைப் பொருட்படுத்தாது. எங்கள் இன்ஜினியர்களும் பொருட்படுத்தவில்லை. டெலிவரி நெருங்கியதும் பதறிப்போய், தானாகவே கமென்ட் எழுதித் தள்ளும் ஒரு சாப்ட்வேரைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அது அவர்களுடைய பழைய கம்ப்யூட்டரில் ஓடவில்லை. ஆபீஸில் புதுசு என்னுடையதுதான்.

"அக்கா, கொஞ்சம் எந்திரிக்கீங்களா?" என்றான் இளைய இன்ஜினியர். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். தினமும் மதியம் என் டிபன் பாக்ஸைத் திறப்பதே அவன்தான்.

ஒரு பட்டனைத் தட்டினான். திரை முழுக்கப் பச்சை எழுத்தில் வரிகள் வந்து விழுந்தன. 'செக் லீக்' என்ற பகுதிக்கு மேலே, 'லீக்கைச் செக் செய்கிறது' என்று இங்கிலீஷில் வந்தது. 'செட் லிமிட்' என்பதற்கு மேலே, 'லிமிட்டைச் செட் செய்கிறது'.

"பேர்ல இருக்கறதையே திருப்பிச் சொல்றதுக்கு ஒரு சாப்ட்வேரா?" என்று கேட்டேன்.

"இதத்தாங்கா டாக்குமென்டேஷன்னு சொல்லுதாங்க."

சிரித்துவிட்டு டீ சொல்லப் போனேன். அந்தச் சாப்ட்வேர் ஒவ்வொரு கமென்டுக்கும் கீழே 'எழுதியவர்' என்று ஒரு வரியையும் சேர்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் யார் பெயரில் திறந்திருக்கிறதோ, அதன் கணக்கில் அவர்தான் புரோகிராமையே எழுதியவர்.

புனேக்காரர் வந்த அன்று, மீட்டிங் ரூம் வாசலிலேயே மேனேஜர் என்னை நிறுத்தினார். "நீ ஒண்ணும் பேச வேணாம்மா. தலைய மட்டும் ஆட்டு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்." மினிட்ஸ் எடுக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து நோட்டுப் பேனாவோடு உள்ளே போனேன்.

மேஜை மேல் கட்டுக்கட்டாகப் பிரின்ட் அவுட். எதிரில் எங்கள் இன்ஜினியர்கள் இருவரும். எங்கள் மெஷின் கசிகிற டேங்குகளை நல்ல டேங்க் என்று பாஸ் போட்டு அனுப்பியிருக்கிறது. அவை பெட்ரோல் ஊற்றும் இடம் வரை போய்விட்டன. அங்கே நின்றவர்கள் வாடை பிடித்து லைனை நிறுத்தியதால் தீப்பிடிக்கவில்லை. புனேக்காரர் ஒரு வரியின் மேல் விரலை வைத்து, "இதை எழுதியவர் நீங்கள்தானே?" என்று கேட்டார். விரலுக்குக் கீழே என் பெயர்.

நான் வாயைத் திறப்பதற்குள் மேனேஜர் இங்கிலீஷில் பதில் சொன்னார். ஆமாம், இவர்தான். அனுபவம் போதாது. இந்த மாதத்தோடு வேலையிலிருந்து நீக்கிவிட்டோம்.

எனக்கு வேலை போன செய்தியை நான் கேட்டது இப்படித்தான், வேறொருவருக்குச் சொன்ன பதிலாக. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் எனக்கு எதிரில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது. வீட்டில் ஈசி சேரில் சாய்ந்து பேப்பரில் வேலை தேடிக்கொண்டிருக்கும் மனிதரின் முகம் மட்டும் கண்ணுக்குள் நின்றது.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், தப்பும் தவறுமாகச் சொன்னேன். சார், நான் ஆர்டர் டைப் பண்ணுகிறவள். எனக்குப் புரோகிராம் தெரியாது.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். எல்லாத் தாளிலும் என் பெயர். எல்லாவற்றிலும் ஒரே தேதி, ஒரே மணி, ஒரே நிமிடம். "இவ்வளவையும் இந்தப் பெண் ஒரே நிமிடத்தில் எழுதினாரா?" என்று மேனேஜரைக் கேட்டார். மேனேஜர் தண்ணீர் குடித்தார். புரோகிராம் முழுவதையும் திருத்தி, தெரிந்தவர்களே கமென்ட் எழுதி அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டுப் புனேக்காரர் எழுந்துபோனார். என்னை வேலையை விட்டு நீக்கியதாகவோ நீக்கவில்லை என்றோ அதற்குப் பிறகு யாரும் என்னிடம் சொல்லவில்லை. நான் பாட்டுக்கு மறுநாளும் பஸ் ஏறி வந்தேன்.

மதியம் டிபன் பாக்ஸைத் திறக்க வந்தவனிடம் கேட்டேன். "என் பேரு வர்றது ஒனக்கு அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்க்கா."

"அப்பவே மாத்தியிருக்கலாம் இல்ல?"

"எங்க பேரு வந்திருந்தா எங்க வேலைல்லாக்கா போயிருக்கும்."

மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வதைப் போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான். மேனேஜர் சொன்னதைவிட எனக்கு இதுதான் பெரிய அடி. டிபன் பாக்ஸை அவன் பக்கம் தள்ளினேன். அவன் சாப்பிட்டான்.

அடுத்த வாரம் மறுபடியும் என் கம்ப்யூட்டருக்கு வந்தான். திருத்திய புரோகிராமுக்குக் கமென்ட் போட வேண்டுமாம், அதே சாப்ட்வேரில். இந்த முறை நான் டீ சொல்லப் போகவில்லை. நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றேன். பச்சை வரிகள் வந்து விழுந்தன. எழுதியவர் என்ற இடத்தில் இறந்துபோன மூத்த இன்ஜினியரின் பெயர் இருந்தது.

"இவரு பேரு எப்பிடி வந்துது?"

"மேனேஜர் சார்தான் போடச் சொன்னாரு. ஒண்ணும் பயப்படாதீங்கக்கா, இவர யாரு வந்து கேக்கப்போறா?"

மாலையோடு போன அன்று எங்களிடம் எதுவும் பேசாமல் உட்கார்ந்திருந்த அந்தப் பெண் நினைவுக்கு வந்தாள். நாளை இன்னொரு டேங்க் கசிந்தால், இன்னொரு லைனில் தீயே பிடித்தால், அந்த வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

"அத அழி. என் பேரே இருக்கட்டும்" என்றேன். "இல்லன்னு சொல்ல எனக்கு வாய் இருக்குது. அவருக்கு இல்ல."