ஸ்டெல்லாவுக்கு ஒரு அபராதச் சீட்டு

கடைத்தெரு முனையில் அந்தப் பலகையை நட்டபோது, வில்லியனூரில் அதன் அர்த்தம் சரியாகத் தெரிந்தவள் ஸ்டெல்லா ஒருத்திதான். நீல வட்டம், நடுவில் வெள்ளையாய் நடந்துபோகும் ஒரு ஆள். நடைப்பயிற்சி செய்யச் சொல்கிறார்கள் என்றார் ஒருவர். ஏதோ புதுக் கட்சியின் சின்னம் என்றார் இன்னொருவர். லைசென்ஸுக்காகப் பலகைகளையெல்லாம் மனப்பாடம் செய்தவள் ஸ்டெல்லா. நடப்பவர்களுக்கு மட்டும், வண்டி வரக்கூடாது என்று அவள்தான் அத்தனை பேருக்கும் விளக்கினாள். வேடிக்கையைப் பாருங்கள், அவளுக்குத்தான் நடக்க வராது.

இரண்டு வயதில் போலியோ. பள்ளிக்கூடம், மாதா கோயில், கல்யாண வீடு, எங்கே போனாலும் யாராவது தூக்கிக்கொண்டுதான் போனார்கள். அரிசி மூட்டையைக்கூட எங்கே இறக்குவது என்று ஒரு வார்த்தை கேட்பார்கள். இவள் விஷயத்தில் அதுவும் கிடையாது. முப்பது வயதில் மூன்று சக்கர ஸ்கூட்டர் வந்தது. இனி எவனும் என்னைத் தூக்கக்கூடாது என்று அன்றைக்கே முடிவு கட்டினாள். தன் ஊரான சுத்துக்கேணியிலிருந்து தானே ஓட்டி வந்து, கடைத்தெரு நடுவில் சேலைக்கு ஃபால்ஸ் தைக்கும் கடையும் போட்டாள்.

பலகை வந்த மறுநாள் போலீஸ்காரர் நவீன்குமார் அவளை மறித்தார். நல்ல மனுஷன், அதுதான் தொல்லை. வண்டியை முனையிலேயே விடச் சொன்னார். தானே தூக்கிக்கொண்டு போய்க் கடையில் உட்கார வைப்பதாகச் சொல்லிக் கையையும் நீட்டிவிட்டார். ஸ்டெல்லாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கைய எடுபா. வண்டி வரக்கூடாதுன்னா சீட்டு போடு. தூக்கற வேலையெல்லாம் வேணாம்."

உங்களுக்குப் போய் அபராதமா, பாவம் வந்து சேரும் என்று அவர் பின்வாங்கினார். அவள் ஓட்டிக்கொண்டே உள்ளே போனாள். ஒரு வாரம் இதே கூத்து. அவளைக் கண்டதும் அவர் பலகையை ஆராய்ச்சி செய்கிறவர்போல அண்ணாந்து நிற்பார். அவள் வேண்டுமென்றே ஹார்ன் அடித்துவிட்டுப் போவாள். இரண்டு பக்கத்துக் கடைக்காரர்களும் ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டுவார்கள். அந்த உச்சு அவளுக்கு ஆகவே ஆகாது.

எட்டாம் நாள் மேலதிகாரியே வந்து நின்றார். பைக்கில் நுழைந்த ஐந்து பேரை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். ஸ்டெல்லாவைப் பார்த்ததும், போம்மா போ என்று அதிகாரி கையசைத்தார். அவள் போகவில்லை. வரிசையில் ஆறாவதாக வண்டியை நிறுத்தினாள்.

"அவங்களுக்குப் போடற மாதிரி எனுக்கும் போடுங்க சார்."

வேறு வழியில்லாமல் நவீன்குமார் எழுதிக் கிழித்துக் கொடுத்தார். பெயர், வண்டி எண், குற்றம்: தடை செய்த தெருவில் வாகனம் ஓட்டியது. ஸ்டெல்லா இரண்டு முறை படித்தாள். பள்ளிச் சான்றிதழ், பஸ் பாஸ், உதவித்தொகைப் புத்தகம் என்று சர்க்கார் அவளுக்குக் கொடுத்த காகிதம் ஒவ்வொன்றிலும் அவள் காலைப் பற்றி ஒரு வரி இருக்கும். இதில் இல்லை. அபராதத்தைக் கட்டிவிட்டு, அந்தச் சீட்டை லேமினேஷன் போடக் கொடுத்தாள்.