ஏரி கோடி போனதும் எஸ்.எம்.எஸ். போனதும்

போன வாரம் எங்கள் குடும்பத்தில் ஒரு கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது. வரதட்சணைத் தகராறு இல்லை, ஜாதகக் கோளாறு இல்லை... காரணம், தண்ணீர்!

என் தங்கை வீட்டுக்காரர் ஏழுமலைக்குப் பெருமுக்கல் பக்கம் நிலம். ஏரிப் பாசனம்தான். பல வருஷமாகப் பாதிகூட நிரம்பாத ஏரி, இந்த மழையில் தளும்பி, உபரி நீர் வெளியேறும் கலங்கல் வழியாக வழிய ஆரம்பித்துவிட்டது. 'ஏரி கோடி போகிறது' என்போம் எங்கள் பக்கத்தில். கோடி போனால் ஊருக்கே திருவிழா. தேங்காய், கற்பூரம், மஞ்சள் குங்குமம், மேளம்... வசதியைப் பொறுத்து ஒரு கிடா. அடுத்த போகம் நிச்சயம் என்று அர்த்தம் அல்லவா?

அவர் மகள் கவிதாவுக்குப் பெங்களூரில் வரன் முடிவாகி, ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் தமிழர்கள்தான். ஆனால் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் — தமிழ் பேசுவார்கள், படிக்க வராது.

கோடி போன குஷியில் ஏழுமலை மகளைக் கூப்பிட்டார். "அவங்களுக்கு மெசேஜ் போடும்மா. ஏரி ரொம்பி கோடி போவுது, ஜல்தி கெளம்பி வாங்கன்னு சொல்லு. வந்து கண்ணு குளிரப் பாக்கட்டும்!"

கவிதாவும் ஆங்கிலத்தில் தட்டிவிட்டாள். 'லேக் ஓவர்ஃப்ளோயிங். கம் இம்மீடியட்லி.'

சம்பந்தியிடமிருந்து பதில் வந்தது. 'ஐயோ கடவுளே! எல்லோரும் பத்திரம்தானே? நிச்சயதார்த்தத்தைத் தள்ளி வைப்போம். உங்களுக்காகப் பிரார்த்திக்கிறோம்.'

போன் போட்டால் போகவில்லை. மழையில் டவர் படுத்துவிட்டது. எஸ்.எம்.எஸ். மட்டும் எப்போதாவது நழுவிப் போகும். விழுப்புரத்திலிருந்து என்னை வரவழைத்தார்கள். பத்திரிகையில் எழுதுகிறவன் ஆயிற்றே!

ஏழுமலை கொதித்துக்கொண்டிருந்தார். "நல்ல சேதி சொன்னா தள்ளி வெக்கிறாங்க மச்சான்! புடிக்கலன்னா நேரா சொல்றதுதானே? ஒரே பேஜாராப் போச்சு. இந்த சம்பந்தமே வாணாம்!"

கவிதாவின் முகம் வாடிவிட்டது. பையனை அவளுக்கு ரொம்பவே பிடித்திருந்தது. "ஏதாவது நல்ல வார்த்தையா போட்டு அனுப்புங்க மாமா" என்றாள்.

யோசித்தேன். ஃப்ளட்? அது இன்னும் மோசம். இனன்டேஷன்? கலெக்டர் ஆபீஸ் அறிக்கை வாடை அடிக்கிறது. டெல்யூஜ் என்றால் நோவாவின் கப்பலைத் தேட வேண்டும். சப்மெர்ஜ்ட்? ஆளே காலி! ஆங்கிலத்தில் தண்ணீர் பெருகும் எந்த வார்த்தையைத் தொட்டாலும், மொட்டை மாடியில் நின்று ஹெலிகாப்டருக்குக் கையாட்டுகிறது.

வேடிக்கை என்னவென்றால், வாழ்த்துகள் வந்து குவிந்தாலும் இங்கிலீஷ்காரர்களுக்கு அது ஃப்ளட்தான். வெளிச்சம் கொட்டினாலும் ஃப்ளட் லைட்தான். எது பெருகினாலும் கொண்டாட்டம் — தண்ணீரைத் தவிர! அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. வருஷம் பூராவும் மழை தூறும் தேசம். ஏரி நிரம்புமா, நிரம்பாதா என்று வானத்தை அண்ணாந்து பார்த்த அனுபவம் அவர்களுக்கு ஏது?

கடைசியில் 'டோன்ட் வொர்ரி, ஒன்லி ஹேப்பி ஃப்ளட்' என்று அனுப்பினேன். பதில் இல்லை. அதிர்ச்சியில் எங்களுக்கு மூளை குழம்பிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்!

மறுநாள் காலை, கலங்கல் பக்கத்தில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. இறங்கியவர் காலில் முழங்கால் உயரத்துக்குக் கம்பூட்ஸ், தோளில் மூட்டை. யாரென்று பார்த்தால் மாப்பிள்ளைப் பையன் தினேஷ்! மூட்டைக்குள் பிரெட், போர்வை, மெழுகுவர்த்தி, டெட்டால்...

எதிரே ஊர் ஜனம் பட்டுப்புடவை சகிதம் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தது. நாலு பேர் வேட்டியை விரித்து மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பையன் திருதிருவென்று விழித்தான்.

"அங்கிள்... வெள்ளம் எங்க?"

"இதாம்பா!" என்று கலங்கலைக் காட்டினார் ஏழுமலை. "எவ்ளோ நல்லா போவுது பாரு!"

பையனுக்கு மெல்லத்தான் விளங்கியது. அசட்டுச் சிரிப்புடன் மூட்டையை இறக்கினான். "போன் கிடைக்கல அங்கிள். ரோடெல்லாம் போயிருக்கும், போகாதேன்னு அப்பா சொன்னாரு. மனசு கேக்கல, பஸ் ஏறிட்டேன்."

கவிதா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். ஏழுமலை என்னைத் தனியாக இழுத்துப் போனார்.

"வெள்ளம்னு கேட்டும் பஸ்ஸு ஏறிக்கினு வந்துருக்கான் மச்சான்... இவனுக்குக் குடுக்காம, வேற எவனுக்குப் பொண்ணக் குடுக்கறது?"