போலீஸ்தான் பிடித்திருக்க வேண்டும்!

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் அண்ணனூரில் குடியிருந்தோம். என் கணவருக்குச் சரக்குக் கப்பலில் இன்ஜின் வேலை. வீட்டில் போன் கிடையாது. ஸ்டேஷன் ரோட்டு எஸ்.டி.டி. பூத் நம்பரைத்தான் எல்லாருக்கும் கொடுத்திருந்தோம். அந்த பூத்காரருக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். எனக்குப் போன் வந்தால் அவர் முனகும் முனகல் தெருவுக்கே கேட்கும்.

ஒரு சனிக்கிழமை காலை கப்பல் ஏஜென்ட் பேசினார். இந்தோனேசியத் தீவுகளுக்கு நடுவே என் கணவர் இருந்த கப்பலைத் துப்பாக்கியோடு வந்தவர்கள் மறித்துக் கொண்டுபோய்விட்டார்களாம். கடல் போலீஸ் உடுப்பில் இருந்தார்களாம்.

"அப்ப போலீஸ்தானே சார்?" என்றேன்.

"கொள்ளைக்காரங்களும் அதே உடுப்புல வர்றது உண்டும்மா. நிஜப் போலீஸா இருந்தா, இன்னிக்குள்ள கரைக்குக் கொண்டுபோய் வீட்டுக்கு ஒரு போன் பேச விடுவாங்க."

இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பூத் வாசலிலோ நல்ல கூட்டம். இவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது என் கணவர் கூப்பிட்டு, லைன் கிடைக்காமல் போனால்? பூத்காரரிடம், "இன்னிக்கு அவர் போன் வரணும்..." என்று ஆரம்பித்து அழுதுவிட்டேன்.

நான் பேசியது அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். எழுந்து போய் ஷட்டரைப் பாதி இறக்கினார். "லைன் அவுட்டுப்பா, கெளம்பு கெளம்பு!"

"இப்பதானே அந்தம்மா பேசினாங்க?" என்று ஒருவர் சண்டைக்கு வந்தார்.

"அதுக்கப்புறம்தான் அவுட்டு. ஆவடில போய் பேசு நைனா." என்னிடம் திரும்பினார். "குந்து தங்கச்சி. இன்னிக்கு இந்த போனு உன்னுது."

மத்தியானம் ஒருமுறை மணி அடித்தது. பாய்ந்து எடுத்தேன். சாப்பிட வரவில்லையா என்று பூத்காரரின் மனைவி. "வைடி போனை!" என்று பிடுங்கி வைத்தார். மறுபடி அமைதி. என் புருஷனைப் போலீஸ் பிடித்திருக்க வேண்டும் என்று எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டேன். எந்தப் பெண்டாட்டியாவது இப்படி வேண்டியிருப்பாளா?

பொழுது சாயும் நேரத்தில் மறுபடி அடித்தது.

"பயப்படாதே," என்றார் என் கணவர். "எங்களை அரெஸ்ட் பண்ணிட்டாங்க. கொள்ளைக்காரங்கன்னு நினைச்சு, ஏறி வந்தவங்க மேல தீயணைக்கிற குழாயைத் திருப்பி விட்டோம். பார்த்தா நிஜப் போலீஸு!"

"ரொம்ப சந்தோஷங்க!" என்று கத்தினேன். "என்னது?" என்றார் அவர்.

விசாரணை முடிந்து நல்லபடியாக வந்து சேர்ந்தார். அரெஸ்டுக்குச் சந்தோஷப்பட்டவள் என்று இன்றும் என்னைக் கிண்டல் செய்வார், நானும் சிரிப்பேன். ஆனால் எங்கேயாவது பாதி இறக்கிய ஷட்டரைப் பார்த்தால், பிழைப்பை மூடிவிட்டு நாள் முழுக்க என்னோடு பட்டினியாக உட்கார்ந்திருந்த அந்த முனகல்காரரை நினைத்து இன்றும் எனக்குக் கண் நிறைந்துவிடுகிறது.