வானம் மண்ணெண்ணெய் தெளித்த சாயங்காலம்

பறந்துகொண்டிருக்கும் விமானத்திலிருந்து எரிபொருளைக் கொட்டுவதற்கு முறை இருக்கிறது. ராணுவ ஜெட்டுகளும் பயணிகள் விமானங்களும் ஒரே ஓடுபாதையைப் பகிர்ந்துகொள்ளும் நிலையத்தில், கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அதனால் அந்த முறை எனக்குத் தூக்கத்திலும் வரும்.

கிளம்பிய கொஞ்ச நேரத்தில் பழுது என்று தெரிந்தால் நிறைந்த தொட்டியோடு இறங்கக் கூடாது. சக்கரம் தாங்காது, பிரேக் பிடிக்காது, ஓடுபாதை போதாது. ஆகவே விமானி கீழே தகவல் சொல்வான். நாங்கள் அவனுக்கு ஓர் இடத்தையும் உயரத்தையும் ஒதுக்கி, மற்ற விமானங்களைப் பத்துக் கடல் மைலுக்குக் குறையாமல் தள்ளி நிறுத்துவோம். அவன் வால்வைத் திறந்துவிட்டு நீள்வட்டமாகச் சுற்றிக்கொண்டிருப்பான். எடை குறைந்ததும் வால்வை மூடிவிட்டு இறங்க வருவான். ஆறாயிரம் அடிக்கு மேல் கொட்டினால் தரைக்கு வருமுன் பெரும்பாலும் ஆவியாகிவிடும் என்று புத்தகம் சொல்கிறது. அந்த உயரத்துக்கு ஏற முடியாத விமானமாக இருந்து, கீழே ஒருவர் அடுப்பெரித்துக்கொண்டிருந்தால், அவருக்கு யார் தகவல் சொல்வது என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. நான் தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

இந்த முறையை நான் முதன்முதலில் பார்த்தது ஒன்பது வயதில், கீழேயிருந்து.

பாலக்கோட்டுக்கு வெளியே, பெரியப்பாவின் கரும்புக் காட்டில் வெல்லம் காய்ச்சும் கொட்டாய் இருந்தது. கரும்பு பெரியப்பாவுடையது, காய்ச்சும் கை அப்பாவுடையது. பாகு பதம் பார்ப்பதில் தன் தம்பியை மிஞ்ச ஆளில்லை என்று பெரியப்பாவே சொல்வார், அப்பாவின் காதில் விழாத தூரத்தில்.

கொட்டாயின் கூரை காய்ந்த கரும்புச் சோகை. சுற்றிலும், பிழிந்த சக்கை காய்ந்து போர் போராகக் கிடக்கும். நடுவே தரைக்குள் தோண்டிய அடுப்பு, அதன்மேல் மாட்டுவண்டிச் சக்கரத்தைவிட அகலமான கொப்பரை. இன்றைக்கு ஒரு தீயணைப்பு அதிகாரி அந்த இடத்தைப் பார்த்தால் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுவார். நாங்கள் அங்கேதான் சோறு தின்றோம், தூங்கினோம்.

யுத்தம் ஒன்று முடிந்து அதிக நாள் ஆகியிருக்கவில்லை. அது எங்கள் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்றாலும், விமானம் வந்தால் எப்படிக் குப்புறப் படுத்துக் காதைப் பொத்திக்கொள்வது என்று பள்ளிக்கூடத்தில் பழக்கியிருந்தார்கள். வகுப்பிலேயே நான்தான் சரியாகப் படுப்பேன். விதிமுறைகளில் எனக்கு அப்போதே ஒரு பற்று.

அன்று சாயங்காலம் கரும்பு பிழியும் ஆயில் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்ததால் வேறு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. அம்மா என் தம்பியை இடுப்பில் வைத்தபடி சக்கை அள்ளிக்கொண்டிருந்தார். நான்தான் முதலில் பார்த்தேன். வத்தல்மலைப் பக்கமிருந்து, நான் அதுவரை பார்த்திராத தாழ்வில், ஒரு விமானம் வந்தது. அதன் இரண்டு இறக்கைகளிலிருந்தும் வெள்ளையாக இரண்டு கோடுகள் நீண்டன. சத்தம் இன்ஜினையும் மீறி நெஞ்சுக்குள் இறங்கியது. நான் பழகியபடியே குப்புறப் படுத்தேன்.

எதுவும் வெடிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பிடரியில் சில்லென்று ஏதோ பட்டது. பனி மாதிரி, அவ்வளவு மெல்லியது. பிறகு வாடை வந்தது.

"ஏங்க, எஞ் சேலையெல்லாம் கிருஷ்ணாயில் வாடை அடிக்குதுங்க" என்று அம்மா ஓடிவந்தார். "பையன் தலைய மோந்து பாருங்க."

ரேஷனில் கால்கடுக்க நின்றாலும் தீர்ந்துவிட்டது என்று சொல்லப்படும் பொருளை அரசாங்கம் வானத்திலிருந்து இலவசமாக ஊற்றியதற்கு யாரும் மகிழவில்லை. அடுப்புக்குச் சக்கை தள்ளுகிறவர் குழியிலிருந்து எட்டி வானத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் கரியையும் மீறி வெளுப்புத் தெரிந்தது.

"மொதல்ல ஊத்திட்டுப் போறான் பெரியவரே. திரும்பி வந்து பத்த வப்பான். ஊர்ல படப்பு கொளுத்தறவன் அப்டித்தான செய்வான்?"

எங்கள் ஊரில் பகைக்கு வைக்கோல் படப்புகள் எரிந்தது உண்டு. முதலில் மண்ணெண்ணெய், பிறகு தீக்குச்சி. அந்த வரிசை குழந்தைகளுக்கும் தெரியும். அவர் சொன்னதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

பெரியப்பா சிரித்தார். "தீப்பெட்டி வாங்கப் போயிருக்கானா? பாலக்கோட்டுக்கா, தருமபுரிக்கா? நீ சக்கையத் தள்ளுடா."

அப்போதுதான் அது திரும்பி வந்தது.

மலைக்கு மேலே அகலமாக வளைந்து, எங்களை நோக்கி, அதே வெள்ளைக் கோடுகளோடு. சக்கை தள்ளுகிறவர் கையிலிருந்த கவைக்கோலைப் போட்டுவிட்டுக் கரும்புக்குள் ஓடி மறைந்தார். எனக்கு வாய் திறந்தும் அழுகை வரவில்லை. அடுப்பின் புகைபோக்கியிலிருந்து வழக்கம்போலப் பொறிகள் பறந்துகொண்டிருந்தன. அதுவரை அவற்றை மின்மினி என்று ரசித்தவள் நான். அன்று ஒவ்வொரு பொறியும் எங்கே போய் விழுகிறது என்று பார்த்தேன்.

அப்பாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அம்மாவின் சேலையைப் பார்த்தார்.

"அடுப்ப அணைக்கணும்ணா."

"டேய், பாகு கூடற நேரம்டா! இப்ப அணச்சா மாட்டுக்குக்கூட ஊத்த முடியாது. எவனோ மேல ஒன்னுக்குப் போனான்னு நீ அடுப்ப அணப்பியா?"

"பொண்டாட்டி புள்ளைங்க மேலெல்லாம் எண்ணெ நிக்குதுண்ணா."

"கரும்பு என்னுதுடா!"

அப்பா சுற்றிலும் தண்ணீர் தேடினார். கிணறு தூரத்தில் இருந்தது. அடுத்த காய்ச்சலுக்காகப் பிழிந்து வைத்த கரும்புப்பால் இரண்டு பீப்பாய்களில் குழியோரம் நின்றது. அவர் முதல் பீப்பாயைத் தோளால் முட்டி அடுப்பின் வாய்க்குள் சாய்த்தார். குழியிலிருந்து வெந்த ஆவி சீறி எழுந்து அவரை மறைத்துவிட்டது. அப்பா எரிந்துபோனார் என்றே நினைத்தேன். ஆவிக்குள்ளிருந்து இரண்டாவது பீப்பாய் உருளும் சத்தம் கேட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது. கருகிய சர்க்கரையும் மண்ணெண்ணெயும் கலந்த அந்த வாடை எங்கள் தலைக்குமேல் நின்றது. அதற்கும் மேலே விமானம் கடந்து போனது.

கொப்பரையில் கொதி அடங்கிற்று. அது இனி வெல்லமாகாது. பெரியப்பா மண்ணில் உட்கார்ந்து வாயில் அடித்துக்கொண்டார்.

மூன்றாம் முறை வந்தபோது வெள்ளைக் கோடுகள் இல்லை. ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தபடி, மெதுவாக, பெங்களூர்த் திசையில் போய் மறைந்தது. எங்கள்மேல் எந்தத் தீக்குச்சியும் விழவில்லை.

இருட்டுவதற்குள் ஊரே வந்து பார்த்துவிட்டது. கரும்புக்குள்ளிருந்து வெளியே வந்த சக்கை தள்ளுகிறவர், "பத்த வக்கிலியா?" என்று கேட்ட விதத்தில் ஏமாற்றம்கூட இருந்தது. பெரியப்பா கதையை ஒவ்வொருவருக்கும் புதிதாகச் சொன்னார். "மேல ஒருத்தன் ஒன்னுக்குப் போனான், கீழ என் தம்பி எனக்குக் கருமாதி பண்ணிட்டான்." எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த போகத்துக்கு வேறு ஆள் வந்து காய்ச்சினார். அப்பாவுக்கு 'அடுப்பணைச்சான்' என்ற பெயர் கடைசிவரை இருந்தது. எங்களை விசாரிப்பவர்கள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் வீட்டைக் கண்டுபிடிப்பார்கள்.

படித்தவள் என்ற முறையில் பின்னாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவ்வளவு உயரத்திலிருந்து, அவ்வளவு மெலிதாகப் படிந்த எண்ணெய் ஒரு பொறிக்குப் பற்றிக்கொள்ள வாய்ப்பு மிகக் குறைவு. பெரியப்பா சொன்னதுதான் சரி. ஆனால் இந்தத் தொழிலில் இன்னொன்றையும் பார்த்திருக்கிறேன். கொட்டியவனை உட்காரவைத்து, ஏன் கொட்டினாய் என்று விசாரிப்பார்கள். கொட்டாமல் இறங்கியவனை உட்காரவைக்க முடியாமல் போவதும் உண்டு.

அந்த விமானம் என்னவாயிற்று என்பதை நான் தெரிந்துகொண்டிருக்க முடியும். எந்த அலுவலகத்தில், யாரிடம், எப்படிக் கேட்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. இத்தனை வருடத்தில் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

அன்று கூட்டம் கலைந்த பிறகு, அப்பா அணைந்த அடுப்பின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களும் கொப்பளித்திருந்தன. அம்மா ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். அப்பா துணியைப் பார்க்கவில்லை. விமானம் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எறங்கிட்டானோ என்னமோ" என்றார்.

"எறங்கினா நமக்கென்ன, எறங்காட்டி நமக்கென்ன? கால நீட்டுங்க" என்றார் அம்மா.

அப்பாவின் குரலில் நான் அதுவரை கேட்டிராத நடுக்கம் இருந்தது. அதை நான் பயம் என்றே எடுத்துக்கொண்டேன். அப்பாவே பயப்படுகிறார் என்றால் ஆபத்து இன்னும் தீரவில்லை. வானத்தில் இருக்கும்வரை அவனால் ஊற்ற மட்டும்தான் முடிந்தது. எங்காவது இறங்கிவிட்டால், பஸ் பிடித்து எங்கள் ஊருக்கே வந்துவிடுவான், சட்டைப்பையில் தீப்பெட்டியோடு.

ஆகவே அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, எனக்குத் தெரிந்த ஒரே சாமியிடம் மனதாரக் கேட்டுக்கொண்டேன். மாரியாத்தா, அவன் எறங்கவே கூடாது.